ஒரே படம், நான்கு தாள்: பிரிண்டர் புரொஃபைலோடு ஒரு மாதம்

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரின் படம். முகத்தின் ஒரு பாதியில் காலை வெளிச்சம், மறுபாதியில் நிழல், பின்னால் கரும்பச்சைக் கதவு. பளபளப்பான ஃபோட்டோ தாளில் அச்சடித்தபோது நன்றாகவே வந்தது. சட்டம் போட்டு மாட்ட வேண்டிய படம் என்பதால் தடிமனான பருத்தித் தாள் ஒரு பாக்கெட் வாங்கி, அதே கோப்பை அதே பிரிண்டரில் அடித்தேன். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. கதவில் பச்சை இருந்த சுவடே இல்லை. சாம்பல் பூத்த ஒரு கறுப்பு மட்டும் மிச்சம். இந்தப் படத்தை நான்கு வகைத் தாளிலும் உருப்படியாகக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. எது எதனால் கெட்டது, எப்படிச் சரியானது என்று அவ்வப்போது நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பிரிண்டர் எட்டு மை கொண்ட பிக்மென்ட் வகை, அதாவது நிறமித் துகள் மையால் அச்சடிப்பது. சயான், மஜெண்டா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மஜெண்டா, சாம்பல் ஆகியவற்றோடு இரண்டு கறுப்பு: ஃபோட்டோ பிளாக், மேட் பிளாக். இந்த இரண்டு கறுப்பும் பின்னால் பெரிய பாடமாக வரும். தாள்கள் நான்கு. பிளாஸ்டிக் பூச்சுள்ள கிளாஸி, அதன் தம்பி போன்ற லஸ்டர், பேரியம் சல்பேட் பூச்சுள்ள பரைட்டா, சதுர மீட்டருக்கு 310 கிராம் எடையுள்ள, பளபளப்பில்லாத பருத்தி மேட்.

எண்ணும் நிறமும்

புரொஃபைல் என்பது தாளுக்குச் சொந்தமான ஒன்று என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இந்தத் தாள் வாங்கினால் இந்தக் கோப்பு, போட்டால் நிறம் சரியாகிவிடும் என்ற நினைப்பு. அந்த நினைப்பால் வீணான தாள்கள் நிறைய.

பிரிண்டருக்கு நாம் அனுப்புவது மூன்று எண்கள்தாம்: சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு. உள்ளே எட்டு மை இருந்தாலும் டிரைவர் (கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நம்மிடம் கேட்பது ஆர்ஜிபி எண்ணைத்தான். அதை எந்த மையில் எத்தனை துளியாக மாற்றுவது என்பது அதன் உள்வேலை. அதனால் அந்த எண் ஒரு கட்டளை மட்டுமே. அதில் நிறம் என்று எதுவும் இல்லை. 200, 120, 90 என்று அனுப்பினால் கிளாஸி தாளில் ஒரு நிறம் விழும், பருத்தியில் வேறொன்று. அதே பருத்தியில் டிரைவரின் தாள் வகையை மாற்றினால் மூன்றாவதாக ஒன்று.

புரொஃபைல் இந்தக் கட்டளைகளுக்கும் கண் பார்க்கும் நிறத்துக்கும் இடையில் உள்ள அகராதி. 1993இல் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்புதான் இதன் வடிவத்தை வகுத்தது. எந்தக் கருவியையும் சாராமல் நிறத்தைக் குறிக்க, சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் ஆணையம் 1976இல் கொண்டுவந்த லேப் என்ற அளவை உண்டு. அதில் எல் என்பது ஒளிர்வு, 0 கறுப்பு, 100 வெள்ளை. ஏ என்பது பச்சைக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட கோடு. பி என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட கோடு. பிரிண்டர் புரொஃபைலுக்குள் இரண்டு திசையிலும் அட்டவணைகள் இருக்கின்றன. இந்த எண்ணை அனுப்பினால் இந்த லேப் நிறம் விழும் என்பது ஒன்று. இந்த லேப் நிறம் வேண்டுமென்றால் இந்த எண்ணை அனுப்பு என்பது மற்றொன்று. அச்சடிக்க இரண்டாவது பயன்படுகிறது. திரையில் முன்னோட்டம் பார்க்க முதலாவதும் வேண்டும்.

அப்படியென்றால், அளந்த அன்று இருந்த பிரிண்டர், மை, தாள், டிரைவரில் வைத்த தாள் வகை, அச்சுத் தரம் ஆகிய எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாட்டுக்குத்தான் அந்த அகராதி பொருந்தும். ஒன்றை மாற்றினாலும் அது வேறு மொழிக்கான அகராதி. இந்த மாதம் முழுவதும் நான் கண்ட கோளாறுகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

முதல் கோளாறு: இரண்டு முறை திருத்தம்

பருத்தித் தாளின் தயாரிப்பாளர் தளத்தில் என் பிரிண்டர் மாடலுக்கான புரொஃபைல் கிடைத்தது. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து நிறுவினேன். ஃபோட்டோஷாப்பின் அச்சுப் பலகத்தில் நிறத்தை ஃபோட்டோஷாப்பே நிர்வகிக்கட்டும் என்று வைத்து, அந்தப் புரொஃபைலைத் தேர்ந்து அடித்தேன். முன்னைவிட மோசம். முகம் முழுக்க மஜெண்டா ஏறி, காய்ச்சல்காரர் முகம் போல இருந்தது.

காரணம் டிரைவருக்குள் இருந்தது. ஃபோட்டோஷாப் ஏற்கெனவே எண்களை அந்தத் தாளுக்கு ஏற்ப மாற்றி அனுப்புகிறது. டிரைவரோ தன் நிறத் திருத்தத்தைத் தானியங்கியில் வைத்திருந்ததால், வந்த எண்களைச் சாதாரணப் படம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை திருத்தியது. டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்ததும் மஜெண்டா போய்விட்டது. மேக் கணினியில் பயன்பாடு நிறத்தை நிர்வகிக்கும்போது டிரைவரின் அந்தப் பகுதி பெரும்பாலும் தானாகவே மங்கி, தொட முடியாமல் ஆகிவிடும். விண்டோஸில் நாமே போய் அணைக்க வேண்டும். அதுவும் நான் பயன்படுத்தும் டிரைவரில் அந்தத் தேர்வு இரண்டு திரைகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது.

இங்கே ஒரு வேலை செய்தேன். அதைச் செய்ததில் இன்றுவரை பலன் இருக்கிறது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக ஏறும் ஒரு சாம்பல் பட்டையையும் ஒரு முகத்தையும் சின்னதாக வைத்து, வேண்டுமென்றே மூன்று விதமாக அச்சடித்தேன். இரண்டு பக்கமும் திருத்தம் நடப்பது ஒன்று, இரண்டு பக்கமும் அணைத்தது ஒன்று, பயன்பாடு மட்டும் திருத்துவது ஒன்று. என் பிரிண்டரில் முதலாவது மஜெண்டா ஏறிக் கறுத்து வருகிறது. இரண்டாவது வெளிறி, லேசாகப் பச்சை தட்டுகிறது. மூன்றாவதில் சாம்பல் சாம்பலாகவே நிற்கிறது. மூன்றின் பின்னாலும் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏதாவது ஒரு அச்சு கோணலாக வந்தால் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எங்கே தவறு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரிண்டர் வாங்கிய முதல் நாளே செய்து வைக்கலாம்.

கறுப்பு ஏன் கறுப்பாக இல்லை

நிறச் சாய்வு போனது. கதவு இன்னும் சாம்பல்தான். நிழல் பகுதியில் கையால் தேய்த்தால் லேசாக மை ஒட்டியது வேறு.

புரொஃபைலோடு ஒரு பக்கக் குறிப்பும் வந்திருந்தது. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. டிரைவரில் எந்தத் தாள் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதில் தெளிவாக எழுதியிருந்தது: மேட் ஃபைன் ஆர்ட். என் டிரைவரோ பழைய நினைவில் கிளாஸியிலேயே நின்றது.

தாள் வகை என்பது ஏதோ பெயர்ப்பட்டியல் என்று விட்டுவிடக் கூடாது. எந்தக் கறுப்பு மை போக வேண்டும், ஒரு சதுர அங்குலத்தில் மொத்தம் எவ்வளவு மை இறங்கலாம், தாளுக்கும் மை தெளிக்கும் பிரிண்ட் ஹெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அந்த ஒரு தேர்வு முடிவு செய்கிறது. கிளாஸி என்று வைத்தால் ஃபோட்டோ பிளாக் போகும். மேட் தாளின் சொரசொரப்பான பரப்பில் அது ஆழம் தராது. மேட் பிளாக் அந்தப் பரப்புக்கென்றே செய்யப்பட்டது. பின்னால் நிறம் அளக்கும் கருவி கையில் கிடைத்தபோது இரண்டையும் அளந்தேன். அதே பருத்தித் தாளில் ஃபோட்டோ பிளாக்கின் எல் மதிப்பு 28க்குப் பக்கத்தில். மேட் பிளாக்கில் 17. கண்ணுக்கு அது கரிக்கும் சாம்பலுக்கும் உள்ள தூரம். பரைட்டாவில் ஃபோட்டோ பிளாக் 4 வரை இறங்கியது. எந்த மேட் தாளிலும் அந்தக் கறுப்பு வராது. ஒளி பரப்பிலேயே எல்லாப் பக்கமும் சிதறிவிடுவதால் கறுப்பின் மேலும் ஒரு மெல்லிய வெள்ளை படிந்தது போலத்தான் இருக்கும். இதைப் புரொஃபைல் சரிசெய்யும் என்று காத்திருக்கக் கூடாது.

இடைவெளி விஷயத்திலும் ஒரு தாள் போனது. பருத்தித் தாளின் ஓரம் மேல்நோக்கி வளைந்திருந்ததால் ஹெட் உரசி, விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்தது. வளைவுக்கு எதிர்த் திசையில் மெதுவாகச் சுருட்டி, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்து, டிரைவரில் தடிமன் தாள் என்று தேர்ந்த பிறகு உரசவில்லை.

பக்கம் மாற்றிப் போட்டும் இரண்டு தாள் வீணானது. பருத்தித் தாளில் பூச்சு ஒரு பக்கம்தான், கண்ணால் பார்த்தால் தெரியாது. லேசாக ஈரமாக்கிய விரல் நுனியால் ஒரு மூலையைத் தொட்டால் பூச்சுள்ள பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் தவறவில்லை.

மானிட்டர்

இவ்வளவுக்குப் பிறகும் எல்லாத் தாளிலும் படம் இருட்டாகவே இருந்தது. புரொஃபைலைத்தான் சந்தேகப்பட்டேன். நான்கு தாளிலும் ஒரே அளவு இருட்டு என்றால் குற்றம் தாளில் இருக்க முடியாது என்று தோன்ற ஒரு வாரம் ஆனது.

மானிட்டர் வாங்கிய அன்று இருந்த வெளிச்சத்திலேயே இருந்தது. அளந்தபோது சதுர மீட்டருக்கு 250 கேண்டெலாவைத் தாண்டியது. அச்சு வேலைக்கு 80 முதல் 120 வரை போதும். நான் 100இல் வைத்து, வெள்ளையை டி65 என்ற பகல் வெளிச்ச அளவுக்கு வைத்து அளவீடு செய்தேன். அடுத்து திறந்தபோது அந்த முதியவர் படம் திரையிலேயே இருட்டாகத் தெரிந்தது. அச்சு அத்தனை நாளும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பைத் திருத்தி மறுபடி அடித்தேன். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

அச்சை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. அச்சுத் தொழிலின் ஐஎஸ்ஓ 3664 தரம், டி65ஐவிடச் சற்று மஞ்சளான டி50 ஒளியைச் சொல்கிறது. நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், வழக்கமாகப் பார்க்க 500 லக்ஸ். என்னிடம் பார்வைப் பெட்டி கிடையாது. 5000 கெல்வின் அளவுள்ள, நிறம் காட்டும் திறன் 95க்கு மேல் உள்ள ஒரு விளக்கை மேசைக்கு மேல் மாட்டினேன். இரவில் மஞ்சள் விளக்கில் பார்த்து முடிவெடுப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

திரையிலேயே தாளைப் பார்ப்பது

அச்சு எப்படி வரும் என்று புரொஃபைலை வைத்துத் திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. தாளின் வெள்ளையையும் கறுப்பையும் சேர்த்துக் காட்டு என்று சொன்ன நொடியில் படம் முழுக்க வெளுத்து, உயிர் போனது போல ஆகிவிடும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அணைத்துவிடுவேன்.

சிக்கல் கண் பழகும் விதத்தில் இருக்கிறது. பிரகாசமான படத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் கண் பழைய வெள்ளையையே அளவுகோலாக வைத்திருக்கும். மாற்றும் நேரத்தில் திரையை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சுற்றியுள்ள வெள்ளைப் பலகங்களை மறைத்து, படத்தை முழுத்திரையில் வைத்து அரை நிமிடம் கழித்துப் பார்த்தால் அச்சில் வரப்போவதற்கு வெகு அருகில் இருக்கிறது. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் கதவின் கதை புரிந்தது. கோப்பில் அந்தக் கதவின் எல் மதிப்பு 12 சுற்றி இருந்தது. பருத்தித் தாளின் அடிமட்டக் கறுப்பே 17. அந்தத் தாளில் 17க்குக் கீழே எதுவுமே கிடையாது, பச்சை எங்கிருந்து வரும்? பருத்திக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்து, கதவை மட்டும், ஒளிர்வைக் கூட்டிக் குறைக்கும் கர்வ் போட்டு 22 வரை தூக்கினேன். முகத்தின் நிழல் பக்கத்தில் நடுத்தர ஒளிர்வின் வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டினேன். மூலக் கோப்பைத் தொடவில்லை. பரைட்டாவுக்கு அந்த மூலமே போதும். அங்கே 12 என்பது 12ஆகவே விழுகிறது.

அடுத்து ரெண்டரிங் இன்டென்ட். தாளால் காட்ட முடியாத நிறங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கான பதில் அது. நான்கு வகை இருந்தாலும் ஃபோட்டோவுக்கு இரண்டுதான் பயன்படும். ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், தாளுக்குள் அடங்கும் நிறங்களை அப்படியே விட்டு, அடங்காதவற்றை மட்டும் எல்லையில் கொண்டுவந்து நிறுத்தும். பெர்செப்சுவல், எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்கி, ஒன்றுக்கொன்று உள்ள உறவைக் காப்பாற்றும்.

மூன்று படத்தில் சோதித்தேன். முதியவர் முகத்தில் ரிலேட்டிவ் தெளிவாக நன்றாக இருந்தது. தோல் நிறம் தாளுக்குள் அடங்குகிறது, அதை யாரும் தொட வேண்டியதில்லை. செம்பருத்தி இதழ் ஒன்றை நெருக்கத்தில் எடுத்த படத்தில் நேர் எதிர். ரிலேட்டிவில் இதழின் நரம்புகள் எல்லாம் ஒரே சிவப்பாகத் தட்டையாகிவிட்டன. பெர்செப்சுவலில் சிவப்பு கொஞ்சம் தணிந்தது, ஆனால் நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கூழாங்கற்கள் படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போதும் இதுதான் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாஃப்ட் புரூஃபில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகிறது.

ரிலேட்டிவோடு பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனைக் கட்டாயம் போட்டுவிடுகிறேன். கோப்பின் கறுப்பைத் தாளின் கறுப்போடு பொருத்தி, நடுவில் உள்ள நிழல் படிகளை அதற்கேற்ப நெருக்கி அடுக்கும் வேலை அது. அது இல்லாமல் பருத்தியில் 17க்குக் கீழே உள்ள எல்லா நிழலும் ஒரே குழம்பாகிவிடும். 0, 4, 8, 12 என்று நான்கு நான்காக ஏறும் ஆர்ஜிபி கட்டங்களை அச்சடித்துப் பார்த்தேன். அது இல்லாதபோது 30ஐத் தாண்டியும் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. போட்டபின் 12இலிருந்தே பிரித்துக் காண முடிந்தது.

எந்த நிறவெளியில், அதாவது எந்த நிற எல்லைக்குள், படத்தைத் திருத்துவது என்று கேட்டால், நான் அடோபி ஆர்ஜிபி 1998 வைத்திருக்கிறேன். நல்ல தாளில் இந்த மைகள் தரும் சயான், மஞ்சள் பகுதிகளில் சில, அதைவிடச் சிறிய நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே விழுகின்றன. அவற்றை முன்கூட்டியே வெட்டி எறிவானேன்.

சொந்தமாக ஒரு புரொஃபைல்

லஸ்டர் தாளுக்கு என் பிரிண்டர் மாடலுக்கான புரொஃபைல் எங்குமே கிடைக்கவில்லை. வேறு மாடலுக்கானதைப் போட்டுப் பார்த்தேன். பார்க்கும்படி இருந்தது, ஆனால் சாம்பலில் லேசான பச்சை. நண்பரிடம் நிறம் அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒன்றை இரண்டு வாரத்துக்கு வாங்கி, ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருளில் நானே செய்ய உட்கார்ந்தேன்.

வேலையின் வரிசை எளிது. டார்ஜென் நிறக் கட்டங்களுக்கான எண்களைத் தேர்ந்தெடுக்கும். பிரிண்ட்டார்க் அவற்றைப் பக்கமாக அடுக்கித் தரும். அதை அச்சடித்துக் காயவிட்டு, சார்ட்ரீட் வழியாகக் கருவியை ஒவ்வொரு வரிசையின் மேலும் இழுத்து அளக்க வேண்டும். கோல்புரூஃப் கடைசியில் புரொஃபைலைக் கட்டும். நான் இரண்டு ஏ4 தாளில் 420 கட்டம் வைத்தேன். எளிது என்று சொன்னாலும் முதல் இரண்டு தடவை கெட்டுப்போனது.

இந்தக் கட்டங்கள் அடங்கிய முதல் அட்டவணையை, வழக்கமாகப் படம் பார்க்கும் பயன்பாட்டிலிருந்து அடித்துவிட்டேன். அந்தப் பயன்பாடு தன் போக்கில் ஒரு நிற மாற்றம் செய்து அனுப்பியது. பிரிண்டரின் இயல்பை அளக்கத்தான் இந்த அட்டவணை; நடுவில் யாராவது திருத்தினால் அளப்பது அந்தத் திருத்தத்தைத்தான். ஃபோட்டோஷாப்பில் முன்பு நிற நிர்வாகமே வேண்டாம் என்ற தேர்வு இருந்தது, சிஎஸ்5 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வேலைக்கென்றே அடோபி கலர் பிரிண்டர் யுடிலிட்டி என்ற சின்ன நிரலைத் தனியாக வெளியிட்டார்கள். அதில் திறந்து, டிரைவரிலும் திருத்தத்தை அணைத்து அடித்தேன்.

இரண்டாவது அட்டவணை அளக்கும்போதே எண்கள் உறுத்தின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெளிர் சயானில் இரண்டு நாசில் (மை வரும் நுண்துளை) அடைத்து, மெல்லிய வெள்ளைக் கோடுகள். அச்சடிக்கும் முன் நாசில் செக் அடிக்கவில்லை. அடைப்போடு அளந்திருந்தால், அந்த அடைப்பே புரொஃபைலுக்குள் நிரந்தரமாகப் பதிந்து, ஹெட்டைச் சுத்தம் செய்த பிறகு எல்லா அச்சும் சயான் பக்கம் சாய்ந்திருக்கும்.

மூன்றாவது தடவை நாசில் செக், அப்புறம் அட்டவணை, அப்புறம் ஒரு முழு நாள் காத்திருப்பு. பிக்மென்ட் மையில் ஒரு மணி நேரத்தில் அளந்ததற்கும் மறுநாள் அளந்ததற்கும் சிறிய வித்தியாசம்தான் தெரிந்தது. சாய மை பிரிண்டரில் இது நன்றாகவே தெரியும் அளவுக்கு இருக்கும், அங்கே அவசரப்படவே கூடாது. அளக்கும்போது அட்டவணைக்கு அடியில் அதே தாளில் இரண்டு மூன்று வெற்றுத்தாளை வைத்தேன். இல்லையென்றால் மேசையின் நிறம் தாள் வழியாக எட்டிப் பார்க்கும்.

கோல்புரூஃபிலும் ஒரு தவறு. மூல நிறவெளி எது என்று சொல்லும் தேர்வைக் கொடுக்காமல் ஓட்டிவிட்டேன். புரொஃபைல் பிறந்தது, சாம்பல் அழகாக நின்றது, ஆனால் பெர்செப்சுவலும் ரிலேட்டிவும் ஒன்று போலவே வந்தன. மூலம் தெரியாவிட்டால் எதைச் சுருக்குவது என்று அதற்குத் தெரியாது, கலரிமெட்ரிக் அட்டவணையை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடும். அடோபி ஆர்ஜிபியை மூலமாகக் கொடுத்து மறுபடி ஓட்டியதும் இரண்டும் பிரிந்தன. அட்டவணையை மறுபடி அளக்க வேண்டியிருக்கவில்லை. அளந்த எண்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன.

கருவியைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பருத்திக்கும் பரைட்டாவுக்கும் சேர்த்துச் செய்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், பரைட்டாவில் தயாரிப்பாளர் கொடுத்ததற்கும் என்னுடையதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே இல்லை. சரியான தாள் வகையில், அதே மையில் அடித்தால் அவர்கள் தரும் புரொஃபைல் நன்றாகவே வேலை செய்கிறது. கருவி இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மை மாற்றுபவர்களுக்கும், புரொஃபைல் கிடைக்காத தாள் பிடித்துப்போனவர்களுக்கும்தான் இந்த உழைப்பு.

வெள்ளையிலும் ஒரு சூட்சுமம்

நான்கு தாளின் வெற்று வெள்ளையை அளந்தது ஆர்வத்துக்காகத்தான். பருத்தித் தாளின் பி மதிப்பு 2க்கு மேல், அதாவது இளமஞ்சள் சாயல். கிளாஸியோ மைனஸ் 6, தெளிவான நீலம். கிளாஸியில் ஒளியூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் சரக்கு அது. துணி சோப்புத்தூளிலும் இதே வகைதான்.

பிரச்சினை என்னவென்றால் அந்த நீலம் வெளிச்சத்தில் புற ஊதா இருந்தால்தான் வரும். ஜன்னல் பக்கம் பளிச்சென்று இருந்த கிளாஸி, எல்இடி விளக்கில் மஞ்சள் பக்கம் தளர்ந்தது. அந்த விளக்குகளில் புற ஊதா அநேகமாக இல்லை. அளக்கும் கருவியிலும் இதே கேள்வி வரும். நிறம் அளப்பதற்கான ஐஎஸ்ஓ 13655 தரத்தின் 2009 பதிப்பில் எம்1 என்பது டி50க்கு இணையான புற ஊதாவோடு அளப்பது, எம்2 புற ஊதாவை வடிகட்டி அளப்பது. புற ஊதாவோடு அளந்தால் புரொஃபைல், தாள் நீலமாக இருக்கிறது என்று நம்பி அதை ஈடுகட்ட மஞ்சளைக் கொஞ்சம் கூட்டலாம். அப்புறம் எல்இடி வெளிச்சத்தில் மாட்டினால் சாம்பல் பகுதிகள் மஞ்சளாகத் தெரியும். என் லஸ்டர் அச்சில் இதுதான் நடந்தது. மாட்டப்போகும் சுவரின் விளக்குக்குக் கீழே தாளைப் பிடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அதனால் மாட்டி வைக்கும் படங்களுக்கு ஒளியூட்டி சேர்க்காத பருத்தியைத்தான் விரும்புகிறேன். எந்த விளக்கிலும் அதன் வெள்ளை ஒரே மாதிரி இருக்கிறது. காலப்போக்கில் அந்த ரசாயனம் தளர்ந்து வெள்ளை மாறுமே என்ற பயமும் இல்லை.

இப்போது எப்படிச் செய்கிறேன்

ஒவ்வொரு தாளுக்கும் டிரைவரில் ஒரு முன்னமைப்பு சேமித்துவிட்டேன். தாள் வகை, தரம், நிறத் திருத்தம் அணைப்பு, எந்த வழியாகத் தாள் போக வேண்டும் என்பது எல்லாம் அதற்குள். முன்னமைப்புக்கும் புரொஃபைல் கோப்புக்கும் ஒரே பெயர். அடிக்கும்போது இரண்டு பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். மாதக் குழப்பத்தின் பெரும்பகுதி இந்தப் பெயர் வைத்ததில் ஒழிந்தது. அச்சின் பின்னால் பென்சிலால் தேதி, தாள், முன்னமைப்பு, இன்டென்ட் எழுதுகிறேன். சட்டம் போடும் முன் நன்றாக உலரவிடுகிறேன். குறிப்பாகக் கிளாஸியும் லஸ்டரும், மையில் உள்ள கரைப்பான் வெளியேறுவதற்குள் கண்ணாடிக்குள் அடைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்தது போல ஆகிவிடும்.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஊதா கலந்த ஆழ்ந்த நீலப்பூ ஒன்றின் படம் இருக்கிறது. பருத்தியில் எப்படி அடித்தாலும் நீலம் நழுவி ஊதாவாகிவிடுகிறது. லேப் அளவையிலேயே நீலப் பகுதி கொஞ்சம் கோணலானது. நிறச் செறிவை மட்டும் குறைத்துக் கோட்டிலேயே உள்ளே வந்தாலும் கண்ணுக்கு ஊதாவாகத் தெரியும். இன்டென்டை மாற்றினேன், கோப்பில் நீலத்தைப் பச்சைப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன், பாதி தூரம் திரும்பி வந்தது. அதற்கு மேல் அந்தத் தாளிடம் கேட்கவில்லை.

பூ இப்போது பரைட்டாவில் சுவரில் இருக்கிறது. பக்கத்திலேயே பருத்தித் தாளில் முதியவர், பின்னால் கதவு பச்சையாக.